பின் நம்பரை யார் பார்க்கிறார்கள்?

சாயங்கால நேரத்தில் சேலத்துத் தட்டுவடை செட் கடை எதிலாவது நின்று பாருங்கள். கடைக்காரர் ஒரு தட்டுவடையில் சட்னி தடவி, பீட்ரூட், கேரட் துருவலையும் வெங்காயத்தையும் அள்ளி வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையால் மூடி, தட்டில் அடுக்கிக்கொண்டே இருப்பார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று சொன்னதும் தட்டை நீட்டிவிடுவார். நாம் போனைத் திருப்பிப் பச்சை டிக் காட்டினால் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

அவர் செய்வதுதான் சரி. அந்த ஸ்பீக்கருக்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது. கடைக்காரரின் பெயரில் பணம் வரவானது உறுதியான பிறகு, பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் சர்வரிலிருந்து அந்த சிம்முக்குத் தகவல் வருகிறது. அதைத்தான் அது குரலாகச் சொல்கிறது. நம் போனுக்கும் அந்தப் பெட்டிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றலாம், பச்சை டிக்கை வரைந்து காட்டும் போலி ஆப்பைக் கூடச் செய்யலாம். ஆனால் அந்தப் பெட்டியை வாய் திறக்க வைக்க முடியாது. பணம் வந்ததற்கான சாட்சி, கொடுத்தவரின் திரையில் இல்லை. வாங்குபவர் பக்கத்தில்தான் இருக்கிறது.

சரி, வாங்குபவருக்கு ஸ்பீக்கர் இருக்கிறது. கொடுப்பவருக்கு என்ன இருக்கிறது? "போன்லயே பணம் அனுப்புறீங்களே, நடுவுல எவனாவது எடுத்துட்டா?" என்று வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, அந்த 40 ரூபாய் போகும் வழியைக் கொஞ்சம் பின்தொடர வேண்டும்.

கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் சதுரத்தில் இருப்பது வெறும் எழுத்துதான்: கடைக்காரரின் யுபிஐ முகவரி, பெயர், சில குறியீடுகள். 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கிய முறை இது. எண்ணெய் தெறித்து மூலை கிழிந்திருந்தாலும் படிப்பதற்குக் காரணம், அதே தகவலை மீட்டெடுக்கத் தேவையான கணக்கும் அந்தப் புள்ளிகளுக்குள்ளேயே சேர்த்து அச்சடிக்கப்பட்டிருப்பதுதான். நம் ஆப் அந்த முகவரியைப் படித்து, தன்னோடு இணைந்த ஒரு வங்கி வழியாக என்பிசிஐ என்ற அமைப்புக்கு அனுப்புகிறது. 2016இல் யுபிஐயைத் தொடங்கி இன்று வரை நடத்திவருவது இந்த என்பிசிஐதான். அது நம் வங்கியைக் கேட்கிறது. நம் வங்கி பின் நம்பரைச் சரிபார்த்து 40 ரூபாயைக் கழிக்கிறது. அப்புறம் என்பிசிஐ கடைக்காரரின் வங்கியிடம் சொல்கிறது. அங்கே 40 ரூபாய் கூடுகிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த நொடியில் நோட்டு எதுவும் நகர்வதில்லை, இரண்டு பேரேடுகளில் எண்கள் மாறுகின்றன, அவ்வளவே. வங்கிகள் தங்களுக்குள் கொடுக்க வேண்டியது, வாங்க வேண்டியதை நிகரம் பார்த்து, ரிசர்வ் வங்கியில் உள்ள கணக்குகள் வழியாகப் பிறகு தீர்த்துக்கொள்கின்றன.

இதில் ஆப் நிறுவனத்தின் வேலை தபால்காரர் வேலைதான். யுபிஐயில் நம் பணம் அதன் கையில் இருப்பதில்லை, கடைசி நொடி வரை வங்கியில்தான் இருக்கிறது. வாலட் அப்படியல்ல. வாலட்டில் போட்டு வைக்கும் தொகை அந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும். 2024இல் பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தபோது இந்த வித்தியாசம் பலருக்குப் புரிந்தது. மார்ச் 15க்குப் பிறகு அந்த வங்கிக் கணக்கிலும் வாலட்டிலும் புதிதாகப் பணம் போட முடியவில்லை, இருந்த மீதியை எடுக்கவோ செலவழிக்கவோ மட்டும் முடிந்தது. அதே ஆப்பில் வேறு வங்கிக் கணக்கை இணைத்து யுபிஐ பயன்படுத்தியவர்களின் பணமோ, அவரவர் வங்கியிலேயே இருந்தது.

இனி பின் நம்பர். நாம் நான்கு அல்லது ஆறு எண்களைத் தட்டும் அந்தப் பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால், எந்த ஆப்பாக இருந்தாலும் அது ஒரே மாதிரி இருப்பது தெரியும். காரணம், அந்தப் பக்கம் ஆப்பின் சொந்தப் பக்கம் அல்ல. என்பிசிஐ எழுதிக் கொடுத்த ஒரு சிறு நிரல், எல்லா ஆப்களுக்குள்ளும் பொதுவாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. நாம் தட்டும் எண் அந்த நிரலுக்குள்ளேயே, போனை விட்டு வெளியே கிளம்பும் முன்பே, மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றப்படுகிறது. நம் ஆப் அந்தக் குழப்ப எழுத்துகளை வாங்கி அனுப்புமே தவிர, அவற்றைப் படிக்க அதனால் முடியாது. என்பிசிஐயில் திறந்து, நம் வங்கிக்கு உரிய சாவியால் மறுபடி பூட்டி அனுப்புகிறார்கள்.

பூட்டு, சாவி என்று நான் சொல்வது கணக்கைத்தான். 53ஐயும் 61ஐயும் பெருக்கச் சொன்னால் காகிதம் எடுத்து அரை நிமிஷத்தில் 3233 என்று சொல்லிவிடலாம். 3233ஐக் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டால்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதுதான். பெருக்குவது எளிது, பிரிப்பது கஷ்டம். ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மேன் மூவரும் 1977இல் கண்டுபிடித்த பொதுச் சாவி முறை இந்த ஒருவழிப் பாதையின் மேல்தான் நிற்கிறது. பெருக்கி வந்த எண்ணை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாம், அதை வைத்து யாரும் பூட்டலாம். திறக்க வேண்டுமானால் அந்த இரண்டு மூல எண்கள் தெரிந்திருக்க வேண்டும். இன்று பரவலாகப் புழங்கும் 2048 பிட் சாவியில் அந்தப் பெருக்குத் தொகை 617 இலக்கங்கள் கொண்டது. இன்றைய கணினிகள் எத்தனை சேர்ந்து உட்கார்ந்தாலும் மனித ஆயுளுக்குள் அதைப் பிரிக்க வழியில்லை. "நடுவில் எவனாவது" கை வைத்தாலும் அவனுக்குக் கிடைப்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான்.

பின் நம்பர் ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் கூட அது மட்டும் போதாது. புதிதாக ஆப் வைக்கும்போது நம் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகுமே, நினைவிருக்கிறதா? அந்த எண்ணும் அந்தப் போனும் ஒன்றோடொன்று கட்டப்படுவது அப்போதுதான். அதனால் தோளுக்குப் பின்னால் நின்று நம் நான்கு எண்ணைப் பார்த்தவர், தன் போனிலிருந்து நம் கணக்கைத் தொட முடியாது. நம் சிம், நம் போன், நம் பின் நம்பர் மூன்றும் ஒன்று சேர வேண்டும். நான்கு இலக்கத்தில் 10,000 வாய்ப்புகள்தானே என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. சில தடவை தவறினாலே வங்கி பூட்டிவிடும்.

அப்படியானால் தினமும் பணம் போவதாகச் செய்தி வருகிறதே, எப்படி? இந்தக் கணக்கை யாரும் உடைப்பதில்லை. அவ்வளவு கஷ்டப்படத் தேவையும் இல்லை. சிம்மும் போனும் பின் நம்பரும் ஏற்கெனவே கையில் இருக்கும் ஒருவர் இருக்கிறார்: கணக்கின் சொந்தக்காரர். அவரையே அழுத்த வைத்துவிட்டால் போதும்.

அஸ்தம்பட்டியில் ஒருவர் பழைய சோபாவை விற்க இணையத்தில் விளம்பரம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போன் வருகிறது. "நான் ராணுவத்துல இருக்கேன் சார், மாற்றலாகி வர்றேன். முன்பணம் இப்பவே போடுறேன்." பேரம் கூடப் பேசுவதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் வருகிறது. "இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், உங்களுக்குப் பணம் வந்துடும்." போட்டால், பணம் போய்விடும். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் என்ற பேச்சே கிடையாது. ஸ்கேன் செய்வதும் பணம் கொடுப்பதற்கான வேலைதான். தனிநபர் இன்னொரு தனிநபரிடம் பணம் கேட்டு அனுப்பும் வசதியையும் இந்த மாதிரி மோசடிக்காகத்தான் 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்தியது. க்யூஆர் வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு இன்னொரு வழி. அது படம் கிடையாது, ஆப். நிறுவி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், ஓடிபி எல்லாம் வேறு ஊருக்குப் போய்ச் சேரும். கூகுளில் தேடிக் கிடைத்த 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைத்து, அவர் சொன்னபடி திரையைப் பகிரும் ஆப்பைப் போடுவதும் இதே ரகம். மறையாக்கம் நடப்பது நாம் எண்ணைத் தட்டிய பிறகு. தட்டுவதை இன்னொருவர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தால் 617 இலக்கம் என்ன செய்யும்?

லீ பஜார் மாதிரி நெரிசலான இடங்களில் கடைக்காரர்களுக்கும் ஒரு வேலை உண்டு. இருக்கிற க்யூஆர் மேல் இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவது பழைய தந்திரம். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும், வங்கியில் பதிவான பெயரை வாய்விட்டுப் படித்துக் கேட்கும் வாடிக்கையாளர் கடைக்கு உதவிதான் செய்கிறார், எரிச்சல்பட வேண்டாம்.

மோசடி ஒரு பக்கம் இருக்க, ஏற்காட்டுப் பாதையில் வரும் சிக்கல் வேறு. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் டவர் இருந்தும் இணையம் தவழும். பின் நம்பர் போட்ட அந்த நொடியில் சிக்னல் அறுந்தால் பணம் எங்கே? பெரும்பாலும், கோரிக்கை போனை விட்டே கிளம்பியிருக்காது. அல்லது அந்தப் பக்கம் எல்லாம் முடிந்து, பதில் மட்டும் நமக்கு வந்து சேராமல் இருக்கும். மூன்றாவது நிலைதான் தொல்லை: நம் வங்கி கழித்துவிட்டது, எதிர் வங்கியிலிருந்து பதில் வரவில்லை. அதைத்தான் 'பெண்டிங்' என்று காட்டுகிறார்கள். பதற்றத்தில் உடனே இரண்டாவது முறை அனுப்புவதுதான் இங்கே நடக்கும் வழக்கமான நஷ்டம். முதலில் வங்கிக் கணக்கில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கழிந்த பணம் எதிரே சேரவில்லை என்றால் திரும்பி வந்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்தது. தனிநபருக்கு அனுப்பியது மறுநாளுக்குள், கடைக்குக் கொடுத்தது ஐந்து நாளுக்குள். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நாம் கேட்காமலேயே தர வேண்டும். கேட்காமல் எத்தனை வங்கி தருகிறது என்பது வேறு கதை. கேளுங்கள்.

இணையமே எட்டாத மலைக் கிராமங்களில் ஸ்டார் 99 ஹாஷ் என்று டயல் செய்து, சாதா பட்டன் போனிலேயே பணம் அனுப்பலாம். சாதாரண அழைப்புக்கு வேண்டிய சிக்னல் இருந்தால் போதும். சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட் நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் போகும், அதில் மொத்தமாக 5,000 ரூபாய்க்கு மேல் வைக்கவே முடியாது. அதைவிட நல்லது, சேமிப்புக் கணக்கை யுபிஐயோடு இணைக்காமல், கொஞ்சமாகப் பணம் போட்ட இன்னொரு கணக்கை இணைப்பது. கணிதம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் நாம் அசரும் நேரம் ஒன்று வரத்தான் செய்யும், அன்றைக்கு அங்கே அதிகம் இருக்கக் கூடாது.

மோசடியில் பணம் போய்விட்டால் முதலில் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை அழைக்க வேண்டும். திருடிய பணம் ஒரே கணக்கில் தங்காது, வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகச் சில மணி நேரத்தில் சிதறிவிடும். 1930க்கு வரும் புகார் அந்தந்த வங்கிகளுக்குப் போய், அது எங்கே நிற்கிறதோ அங்கே முடக்கப் பார்ப்பார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் முடக்க எதுவும் மிஞ்சாது. வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, நம் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பு பூஜ்யம். நாமே பின் நம்பரையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது நம்முடையது, சொன்ன பிறகு போவது வங்கியுடையது.

இந்த முடக்கத்தில் நேர்மையான வியாபாரியும் மாட்டுவது உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் வந்து சில ஆயிரத்துக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி யுபிஐயில் கொடுக்கிறார். ஸ்பீக்கர் சொல்கிறது, கடைக்காரர் பெட்டியைக் கட்டித் தருகிறார். ஆனால் அது வேறு மாநிலத்தில் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். புகார் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால், கடைக்காரரின் கணக்கில் அந்தத் தொகை முடங்கும், சில நேரம் கணக்கே முடங்கும். ஸ்பீக்கர் சொன்னது பொய் இல்லை, பணம் வந்தது உண்மைதான். அது யாருடைய பணம் என்பது எந்த ஸ்பீக்கருக்கும் தெரியாது. அப்போது வங்கியிலும் காவல் நிலையத்திலும் காட்ட உதவுவது பில்தான்: தேதி, எடை, தொகை, வாங்கியவர் பெயர், போன் எண், அந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண். பெரிய தொகைக்கு, பணம் அனுப்பியவரின் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.