பாட்டுக்குத் தலைப்பாக ஒரு தொலைபேசி எண்

சென்ற ஆண்டு ஒரு தாய், கல்லூரியில் படிக்கும் மகனை என்னிடம் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உட்கார்ந்ததும் மகனின் கைபேசியை என் மேசைமேல் வைத்தார். "ராத்திரி முழுக்க இதே பாட்டுதான், டாக்டர். சாவதைப் பற்றிய பாட்டாம். இதையெல்லாம் கேட்டால் புத்தி கெட்டுப்போகாதா?"

திரையில் பாட்டின் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் இருந்தது: 1-800-273-8255.

அமெரிக்காவின் தேசியத் தற்கொலைத் தடுப்பு உதவி எண் அது. (2022 ஜூலை முதல் அங்கே 988 என்று சுருக்கிவிட்டார்கள்.) மேரிலாந்தைச் சேர்ந்த ராப் பாடகர் லாஜிக், 2017 ஏப்ரலில் அந்த எண்ணையே தலைப்பாக வைத்துப் பாட்டை வெளியிட்டார். 'உங்கள் இசை என் உயிரைக் காப்பாற்றியது' என்று ரசிகர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரையும் காப்பாற்றும் எண்ணமே இல்லாமல் எழுதிய பாட்டுகள் அதைச் செய்யுமானால், அதற்கென்றே எழுதினால் என்ன நடக்கும் என்று தான் யோசித்ததாக அவர் பேட்டியில் கூறினார்.

பாட்டில் முதலில் பேசுபவர், வாழப் பிடிக்காமல் உதவி எண்ணை அழைப்பவர். அடுத்து வருவது மறுமுனையில் காது கொடுப்பவரின் குரல். கடைசியில் மீண்டும் அழைத்தவரே பேசுகிறார். இப்போது அவருக்கு வாழ வேண்டும் போலிருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் எம்டிவி விருது விழாவில் லாஜிக் இதைப் பாடியபோது, தற்கொலை முயற்சியிலிருந்து மீண்டவர்களும் அன்புக்குரியவரைப் பறிகொடுத்தவர்களும், அந்த எண் பொறித்த சட்டையோடு மேடையில் நின்றார்கள். 2018 ஜனவரியில் கிராமி மேடையிலும் பாடினார்.

என்னைப் போன்றவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது பிறகு வந்த ஆய்வுதான். வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் நீடர்குரோட்டென்தாலர் தலைமையிலான குழு, 2021 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டது. பாட்டு வெளியானபோதும் அந்த இரு விழாக்களின்போதும் மக்களின் கவனம் உச்சத்தில் இருந்த நாட்கள் மொத்தம் 34. அந்த நாட்களில் உதவி எண்ணுக்கு எதிர்பார்த்ததைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்தன; 6.9 சதவீத உயர்வு. தற்கொலையால் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட 245 பேர் குறைவு. பாட்டுதான் காரணம் என்று இத்தகைய ஆய்வு முழுமையாக நிரூபித்துவிடாது. ஆனாலும் 245 என்ற அந்த எண்ணை என்னால் வெறும் எண்ணாகப் படிக்க முடியவில்லை.

பிரபலம் ஒருவர் தற்கொலையால் இறந்த செய்தி பரபரப்பாகப் பரவும்போது, பிறகு வரும் நாட்களில் தற்கொலைகள் கூடுவதை நாங்கள் வெகுகாலமாக அறிவோம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: நெருக்கடியிலிருந்து மீண்டவரின் கதை பரவும்போது தற்கொலைகள் குறைவது. அதற்குப் பாபகேனோ விளைவு என்று பெயர். மோட்சார்ட்டின் இசை நாடகத்தில் காதலியை இழந்துவிட்டதாக எண்ணி உயிரை விடத் துணிகிறவன் பாபகேனோ. மூன்று சிறுவர்கள் வந்து, அவன் கையிலேயே இருக்கும் மணிகளை நினைவூட்டுகிறார்கள். அவன் பிழைக்கிறான். துயரத்தைப் பற்றிப் பேசுவதா கூடாதா என்ற கேள்வியில் நாம் வீணாகச் சிக்கிக்கொள்கிறோம். எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் உயிர்கள் இருக்கின்றன. எப்படி இறந்தார் என்பதை விவரித்து, கடிதத்தையும் அச்சிட்டு, 'தேர்வில் தோல்வி, மாணவி தற்கொலை' என்று ஒரே காரணத்தில் முடித்துவிடும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. லாஜிக்கின் பாட்டு இறக்கும் வழியைக் காட்டவில்லை. அழைத்தவர் மீண்ட கதையைச் சொன்னது. யாரை அழைப்பது என்பதையும் சொன்னது.

அந்தப் பையனிடம் நேரடியாகவே கேட்டேன். "தம்பி, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" தாய் பதறிப்போனார். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பெற்றோருக்கு மட்டுமல்ல, சில மருத்துவர்களுக்கும் உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. பெரும்பாலும் கேட்கப்பட்டவர் முகத்தில் பாரம் இறங்குவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

அவன் வெகுநேரம் கழித்துச் சொன்னான்: "தோன்றுகிறது, டாக்டர். அந்தப் பாட்டில் வருகிறவர் யாரையோ கூப்பிடுகிறார். எனக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை."

அன்றே சிகிச்சையைத் தொடங்கினோம். வீட்டில் ஆபத்தானவை எதுவும் அவன் கைக்கு எட்டாதபடி வைக்கச் சொன்னேன். இரவில் தனியாக விடவேண்டாம் என்றேன். மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்: 14416. கட்டணம் கிடையாது, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கிறது.

அவன் எண்ணைக் கைபேசியில் பதிந்துகொண்டான். தாயும் தன் கைபேசியை எடுத்தார். என்ன பெயரில் பதிவது என்று மகனிடம் கேட்டார்.