பொருந்தாத வரிகளுக்குள் இருப்பவர்கள்

இலங்கையில் ஒரு தோட்டத் தொழிலாளியின் விபரம் இன்று ஒரே இடத்தில் இருப்பதில்லை. பேர் விழுந்த நாட்களும், அதாவது வேலை செய்ததாகப் பதிவான நாட்களும், சம்பளமும் செக்ரோல் எனப்படும் தோட்டச் சம்பளப் பதிவேட்டு மென்பொருளில் ஓர் அட்டவணையாக இருக்கின்றன. சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் தொழில்தருநர் சேர்க்கும் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் போகும் இன்னோர் அட்டவணையில் இருக்கின்றன. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது என்னைப் போன்ற தரவுத்தளப் பணியாளர்களின் வேலை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யும்போது ஒரு பழக்கத்தைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். இரண்டிலும் பொருந்திய பதிவு வரிகளை மட்டும் எடுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, கணக்குச் சரி என்று கோப்பை மூடிவிடுகிறார்கள்.

இரண்டு அட்டவணைகளை இணைத்து, பொருந்திய வரிகளை மட்டும் தரும் தரவுத்தளக் கட்டளைதான் ‘இன்னர் ஜொயின்’. ஒரு பெண் செக்ரோலில் இருந்து, சேமலாப நிதிப் பட்டியலில் இல்லாமல் போனால், அந்த வினவலில், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் அந்தக் கேள்வியில், அவர் தலை தெரியவே தெரியாது. அவரைக் கண்டுபிடிக்க ‘லெஃப்ட் ஜொயின்’ வேண்டும்: செக்ரோலின் எல்லா வரிகளையும் எடுத்து, மறுபக்கம் வெறுமையாக உள்ளவற்றை மட்டும் வடிகட்ட வேண்டும். பிறகு அதையே திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் பெயரில் இன்னும் பணம் கட்டப்படுகிறதா என்பது இரண்டாவது திசையில்தான் தெரியும். ஒரு திசையோடு நிறுத்துவது பாதி வேலைதான்.

ஒரு பட்டியலில் இல்லாதவர்களைக் கேட்கும் ‘நொட் இன்’ கட்டளையைப் பயன்படுத்துபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஒப்பிடும் பட்டியலில் ஒரேயொரு அடையாள அட்டை எண் ‘நல்’ ஆக, அதாவது நிரப்பப்படாமல், இருந்தாலும் விடை வெறுமையாக வந்துவிடும். விடுபட்டவர் யாருமில்லை என்று அதை நம்பிவிடுவார்கள். அதே கேள்வியை ‘நொட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று எழுதினால் இந்த ஆபத்து இல்லை. ஓர் அட்டவணையில் இருந்து மற்றதில் இல்லாத வரிகளைத் தரும் ‘எக்செப்ட்’ கட்டளையிலும் ஒரு குறை உண்டு. அது ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கிவிடும். ஒருவருக்கு ஓர் அட்டவணையில் இரண்டு தடவையும் மற்றதில் ஒரு தடவையும் பதிவு இருந்தால் வேறுபாடே காட்டாது. ஆகவே ஆளுக்கு எத்தனை வரி, மாதத்துக்கு எவ்வளவு தொகை என்று இரண்டு பக்கமும் முதலில் எண்ணிக் கொள்ளுங்கள்.

இவையெல்லாம் எந்த நாட்டிலும் உள்ளவை. எங்கள் மலைநாட்டுப் பதிவுகளில் உண்மையான சிக்கல் எதை வைத்துப் பொருத்துவது என்பதில்தான் இருக்கிறது. பெயரை வைத்துப் பொருத்தவே கூடாது. லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி, இலட்சுமி எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். ஒரே லயத்தில் வசிக்கும் இரண்டு பேராகவும் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, தோட்டப் பதிவில் வேறொன்று. போதாததற்கு, பழைய கோப்புகள் தனிக் குறியீட்டு முறை கொண்ட பாமினி எழுத்துருவிலும் புதியவை யுனிகோட்டிலும் கிடக்கின்றன. யுனிகோட்டிலேயே ‘கொ’ என்ற எழுத்தின் குறியை ஒற்றைக் குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு.

மிஞ்சுவது தேசிய அடையாள அட்டை எண். அதையும் சீராக்காமல் ஒப்பிட முடியாது. பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வரும் எண்ணில் 12 இலக்கம். 68567 என்று தொடங்கும் பழைய எண்ணை எடுத்துக் கொள்வோம். 68 பிறந்த ஆண்டு. 567 என்பதில் 500 பெண் என்பதற்காகச் சேர்த்தது. மிச்சம் 67 ஆண்டின் 67ஆவது நாள், அதாவது மார்ச் 7. இதைப் புதிய வடிவுக்கு மாற்ற முன்னால் 19 சேர்த்து, 1968567க்குப் பின் ஒரு பூச்சியம் வைத்து, எஞ்சிய நான்கு இலக்கங்களையும் எழுதி, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். ஓர் அட்டவணையில் பழைய எண்ணும் மற்றதில் புதிய எண்ணும் இருந்தால் ஒரே பெண் இரண்டு பக்கமும் விடுபட்டவராக வருவார்.

இன்னுமொரு நுணுக்கம்: அடையாள அட்டையில் பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள்தான். 1970 மார்ச் 7 உண்மையில் அந்த ஆண்டின் 66ஆவது நாள், அட்டையில் 67. இதை அறியாத மென்பொருள், லீப் அல்லாத ஆண்டில் மார்ச்சிலும் அதற்குப் பிறகும் பிறந்த எல்லாருடைய பிறந்த திகதியையும் ஒரு நாள் தள்ளிக் காட்டும். நூற்றுக்கணக்கான வரிகள் சரியாக ஒரே ஒரு நாளால் மாறுபட்டால் தொழிலாளியின் தகவல் பிழை என்று எழுதிவிடாதீர்கள். கணிப்பைச் சரிபாருங்கள்.

எக்ஸெல் வழியாக வந்த கோப்பு என்றால் 12 இலக்க எண் சுருங்கி 1.97 என்று தொடங்கும் அறிவியல் குறியீடாகவும், ஊழியர் எண்ணின் முன்பூச்சியம் தொலைந்தும் வரும். அந்த நிரல்களைத் தொடக்கத்திலேயே எண் வகையாக அல்லாமல் எழுத்து வகையாக வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் வரிகளை ஒருபோதும் அழிக்கவோ, பெயர் ஓரளவு ஒத்திருக்கிறது என்று தானாக இணைக்கவோ கூடாது. அவற்றைத் தனி அட்டவணையில் போட்டு, ‘செக்ரோலில் மட்டும்’, ‘நிதியில் மட்டும்’, ‘தொகை வேறு’, ‘எண் வேறு’ என்று காரணத்தை எழுதி, தோட்டத்தில் ஆட்களை அறிந்தவரிடம் கொடுங்கள். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளிடம் கைமாறின. அதற்கு முன்பிருந்தே உழைத்தவருக்கு சேமலாப நிதியில் இரண்டு அங்கத்துவ எண்கள் இருப்பதில் வியப்பில்லை. அந்த இரண்டையும் ஒருவருடையதாக ஏற்பது ஆவணம் பார்த்துச் செய்யவேண்டிய வேலை. வினவல் அதைத் தீர்மானிக்க முடியாது.

பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் வேலையிலிருந்து விலகி நிதியைக் கேட்கும்போதுதான் பெரும்பாலும் இந்தப் பிழைகள் வெளியே வருகின்றன. அப்போது பழைய செக்ரோல் புத்தகம் கரையான் அரித்துப் போயிருக்கும். எழுதிய கணக்கப்பிள்ளையும் உயிரோடு இருக்கமாட்டார். ஒரு மாதத்தின் பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும் என்பதால், ஒப்பீட்டையும் அந்த இடைவெளியில், பணம் போகும் முன்பே, மாதந்தோறும் நடத்துங்கள். போன மாதத்தில் ஒருவர் விடுபட்டிருந்தால் மலைக்குப் போய் அவரிடமே கேட்கலாம்.