கத்தியில் காடி போட முதல் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்

கொஞ்ச நாளாகப் பட்டறைக்கு வருகிற பெடியன்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே விஷயம். "அண்ணா, அலகில நீளமா ஒரு கோடு வெட்டித் தருவீங்களா, அந்த ரத்தம் ஓடுற கோடு." வீடியோவில் பார்த்திருக்கிறார்கள். சிலர் வீட்டிலேயே ஆங்கிள் கிரைண்டரை எடுத்துத் தாங்களாகவே வெட்டத் தொடங்கிவிட்டார்கள், அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த ரத்தக் கதையை விட்டுவிடுங்கள். அலகில் நீளமாக ஓடும் அந்தப் பள்ளத்தைத்தான் நாங்கள் காடி என்கிறோம். அது ரத்தம் ஓடுவதற்கு இல்லை, குத்திய கத்தியை இழுத்தெடுக்கச் சுலபமாக இருக்கும் என்பதும் கதைதான். பழைய காலத்து நீள வாள்களில் காடி போட்டது பாரத்தைக் குறைக்க. அலகின் நடுப்பக்கத்தில் இரும்பைக் குறைத்து, முதுகையும் வாயையும் தடிப்பாகவே விட்டால் பாரம் நன்றாகக் குறையும், விறைப்பு அந்த அளவுக்குக் குறையாது. காடி போட்டால் கத்தி பலமாகும் என்று சிலர் சொல்வது அரை உண்மை. ஒரே பாரமுள்ள இரண்டு அலகை எடுத்தால் காடி உள்ளது விறைப்பாக இருக்கும், அது சரி. ஆனால் இருக்கிற அலகிலிருந்து இரும்பைச் சுரண்டி எடுத்தால் அது பலமாக ஒருநாளும் வராது. உலையில் காய்ச்சி, உருண்டை முகம் உள்ள கருவியால் அடித்துக் காடி இறக்கும்போது மட்டும் இரும்பு வீணாகாமல் பக்கத்துக்கு ஒதுங்கி அலகை அகலமாக்கும்.

நேபாளத்துக் குக்ரியில் முதுகோரமாகக் காடி இருக்கும். நம் நாட்டிலேயே கண்டி அரசர் காலத்துப் பிஹா கெத்தக் கத்திகளில் முதுகை ஒட்டி மெல்லிய காடி ஓடும், அதில் பித்தளை, வெள்ளி வேலைப்பாடும் செய்திருப்பார்கள். அழகுக்குப் போடுவது தப்பில்லை. அழகுக்குத்தான் என்று தெரிந்து போட்டால் சரி. கணக்குப் பார்த்தால் விளங்கும்: 15 சென்றிமீற்றர் நீளம், 6 மில்லிமீற்றர் அகலம், 1 மில்லிமீற்றர் ஆழத்துக்கு இரண்டு பக்கமும் காடி வெட்டினால் குறைவது சுமார் 10 கிராம். கையில் அது தெரியாது.

அதுவும் மீன் வெட்டுகிற கத்திக்குக் காடி வேண்டவே வேண்டாம். பாரையோ சூரையோ வெட்டும்போது செதிளும் ரத்தமும் உப்புத் தண்ணீரும் அந்தப் பள்ளத்தில்தான் போய்த் தங்கும். கழுவினாலும் முழுதாகப் போகாது. திருகோணமலைக் கடற்காற்றுக்குத் துருவைப் பற்றிச் சொல்லவா வேண்டும், மாரி காலத்தில் எண்ணெய் பூசி வைத்த கத்தியே பழுப்பு நிறமாகிறது. கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து இறைச்சிக் கத்திக்கு வருகிற நானாமார் இதுவரை ஒருத்தரும் காடி கேட்டதில்லை. கத்தியால் பிழைக்கிறவர்களுக்குத் தெரியும்.

சரி, தடித்த காட்டுக் கத்திக்குப் போடத்தான் வேண்டும் என்றால், தோய்ச்சலுக்கு முதல், அதாவது அலகைச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்து இறுக்க முதல், போடுங்கள். இங்கே நாங்கள் பெரும்பாலும் எடுப்பது பழைய லொறி ஸ்பிரிங் பட்டை. தோய்ச்சல் முடிந்து, மறுபடி மெல்லச் சூடாக்கிப் பதம் போட்ட அலகில் கிரைண்டரை வைத்தால், காடியின் அடியில் இரும்பு மெல்லிசாக இருப்பதால் சூடு ஓட இடமில்லை, கண் மூடித் திறப்பதற்குள் நீலம் பூத்துவிடும். சூடேறும்போது இரும்பின் மேல் வைக்கோல் நிறம் 220, 230 பாகை செல்சியசில் வரும். நீலம் வந்தால் 300 பாகையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் நீங்கள் போட்ட பதம் போய்விட்டது. அந்த நீலத்தைத் தேய்த்து மினுக்கி மறைக்கலாம், ஆனால் இரும்பு பழையபடி இறுகாது.

காடியின் அடி உருண்டையாக இருக்க வேண்டும், முடிகிற இடமும் படகின் அணியம் போல மெல்ல மேலேறி வர வேண்டும். சதுரமாக, கூரான மூலையோடு நிறுத்தினால் தோய்ச்சலில் வெடிப்பு அந்த மூலையில்தான் தொடங்கும். ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் தோய்த்தால் இன்னும் மோசம், அதற்கு எண்ணெய்தான். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் வெட்டினால் தோய்ச்சலில் அலகு வளையும். காடியைப் பிடிக்குள் கொண்டுபோய் விடாதீர்கள், ஈரம் அதன் வழியே உள்ளே இறங்கும்.

எவ்வளவு இரும்பு மிச்சம் இருக்கிறது என்று அளக்காமல் வெட்டுவதுதான் நான் அடிக்கடி காண்கிற பிழை. 4 மில்லிமீற்றர் அலகில் பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றர் இறக்கினால் நடுவில் மிஞ்சுவது 1 மில்லிமீற்றர். தடிப்பு பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகும், அந்தக் கணக்கில் அந்த இடம் தகரம் மாதிரித்தான். தடிப்பு அளக்கிற வேர்னியரின் கால் காடிக்குள் இறங்காது, அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒரே அளவான இரண்டு பெயரிங் குண்டை இரண்டு பக்கக் காடியிலும் வைத்து, குண்டோடு சேர்த்து அளந்து, குண்டுகளின் விட்டத்தைக் கழித்துவிடுங்கள். காடியைவிடச் சின்னக் குண்டாக எடுக்க வேண்டும், பெரியது அடியைத் தொடாமல் விளிம்பில் நின்று பொய் சொல்லும்.

வெட்டுவதற்குச் சுரண்டியும் வட்ட அரமும் போதும். அலகை மரத்தில் இறுக்கிக் கட்டி, ஒரு சட்டத்தை வழிகாட்டியாக வைத்துச் சுரண்டியை இழுத்தால் இரும்பு மெல்லிய சுருளாக வரும், சுருளுக்குப் பதிலாகத் தூளாகக் கொட்டினால் சுரண்டி மழுங்கிவிட்டது, தீட்டுங்கள். ஒரு பின்னேரம் முழுக்கப் போகும், போகட்டும்.

கிரைண்டர்க் கதைக்கு வருகிறேன். நாலரை அங்குல மெஷின் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று சுற்றும். டிஸ்கின் விளிம்பு செக்கனுக்கு 66 மீற்றர், அதாவது மணிக்கு 240 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. 1 மில்லிமீற்றர்க் கட்டிங் டிஸ்க் நேரே வெட்டுவதற்கு மட்டும் செய்தது. காடியை அகலமாக்க அதைச் சரித்துப் பக்கத்தால் தேய்த்தால் உடைந்து தெறிக்கும், காடிக்குள் இறுகினால் மெஷின் திருப்பி உங்கள் முகத்துக்குத்தான் வரும். இதில் சிலர் டிஸ்கை மூடியிருக்கும் காவல் தகட்டைக் கழற்றிவிட்டு ஏழு அங்குல டிஸ்க் போடுகிறார்கள். அந்த டிஸ்கில் 8,500 சுற்று என்று தெளிவாக அச்சடித்திருக்கிறது, அதை 11,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு செக்கனுக்கு 100 மீற்றரைத் தாண்டும், அது தாங்குவது 80. நடுவில் உள்ள இரும்பு வளையத்தில் காலாவதித் திகதியும் இருக்கும். ஈரத்தில் கிடந்த டிஸ்கின் பசை பலமிழக்கும், நம் ஊர்க் காற்றுக்கு அதைத் திறந்த மேசையில் போட்டு வைக்கக் கூடாது. சாரத்தோடும் தொங்குகிற சட்டையோடும் நின்று கிரைண்டர் பிடிக்கிறவர்களையும் காண்கிறேன், துணியைப் பிடித்தால் மெஷின் வயிற்றுக்குத்தான் ஏறும்.

கண்ணாடி போடுங்கள், பக்கம் மூடிய கண்ணாடி. வெயிலுக்குப் போடுகிறது அல்ல. கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் கசக்காதீர்கள், பக்கத்தில் நிற்கிறவர் சேலைத் தலைப்பாலோ காந்தத்தாலோ எடுக்க விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விட்டால் தூளைச் சுற்றிக் கருவிழியில் துரு வளையம் பிடிக்கும். சுத்தியலால் அடிக்கும்போது தெறித்தது என்றால் அதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்படித் தெறித்த துண்டு கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம், வலி கூடப் பெரிதாக இருக்காது, எக்ஸ்ரேயோ சீற்றி ஸ்கானோ எடுத்துத்தான் தேடுவார்கள். கண்ணுக்குள் இரும்பு இருக்கும் என்ற சந்தேகம் இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்க மாட்டார்கள், அதன் காந்தம் துண்டை உள்ளேயே நகர்த்திவிடும். பிறகு எப்போதாவது வேறு வருத்தத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதினாலும், இரும்பு வேலை செய்கிறவர் என்று சொல்லிவிட்டே போங்கள்.