கண்ணாடி டேஷ்கேம்: மாட்டினால் மட்டும் போதாது

போன வாரம் ஒரு மாலை, என் வாடிக்கையாளர் ஒருவர் காரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு முகம் வாடி உள்ளே வந்தார். ஒன்பது நாள் முன்னால் கோவை உக்கடம் பக்கம் சிக்னலில் நின்றிருக்கிறார். பின்னால் வந்த ஸ்கூட்டர் வழுக்கி, அவருடைய பம்பரில் லேசாக உரசி விழுந்திருக்கிறது. ஓட்டியவர் எழுந்து, பேன்ட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது, கார் ரிவர்ஸில் வந்து இடித்ததாகப் புகார் கொடுத்திருக்கிறாராம். "கேமராதான் இருக்குதுங்களே, எடுத்துக் குடுங்க தம்பி" என்றார். அவர் காரில் இருப்பது கண்ணாடி டேஷ்கேம்: உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடி மேல் மாட்டுகிற திரை, அதோடு சாலையை வீடியோ எடுத்துக்கொண்டே இருக்கும் மூன்று கேமரா.

மெமரி கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டேன். பின் கேமரா ஃபோல்டரில் இருந்ததிலேயே பழைய ஃபைல் முந்தாநாள் காலை 8:40. அதற்கு முந்தியது எதுவும் இல்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். 22 வருஷமாகக் கோவையில் கார் வயரிங் பார்க்கிறேன், இவ்வளவு எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டத்தைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

கேமரா பழுதில்லை, கார்டும் பழுதில்லை. அந்த ஸ்கூட்டர் விழுந்ததைப் பின் கேமரா கண்டிப்பாகப் பதிவு செய்திருக்கும். ஆனால் டேஷ்கேம் என்பது வீட்டு பீரோ இல்லை, வைத்தது வைத்தபடி இருக்க. ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று துண்டு துண்டாக எழுதும். கார்டு நிரம்பியதும் இருப்பதிலேயே பழைய துண்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும். மூன்று கேமரா என்றால் இன்னும் வேகமாக நிரம்பும். அவர் போட்டிருந்தது 64 ஜிபி கார்டு, அதில் சுமார் நாலரை மணி நேரம்தான் நிற்கும். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது இரண்டு நாள் கணக்கு. அவர் ஒன்பது நாள் ஓட்டியிருக்கிறார்.

"ஆக்சிடென்ட் ஆனா அதுவே லாக் பண்ணிக்கும்னு சொன்னாங்களே?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆமாம், குலுக்கல் வந்தால் அந்த ஃபைலை அழியாமல் பூட்டிவைக்க ஜி-சென்சார் இருக்கிறது. அது வண்டி குலுங்குவதைத்தான் பார்க்கும், விபத்தைப் பார்க்காது. லேசான உரசலில் அது அசையாது. சரி, உணர்திறனைக் கூட்டி வைக்கலாம் என்றால், நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைலைப் பூட்டிவைக்கும். ஒரு மாதத்தில் கார்டு முழுக்கப் பூட்டிய ஃபைல், புதிதாக எழுத இடம் இருக்காது. நடுத்தரத்துக்குக் கீழே வையுங்கள். ஏதாவது நடந்தால் நீங்களே கையால் லாக் பட்டனைத் தொடுங்கள். அதைவிட நல்லது, வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, திரை முழுசாக அணைந்ததும் கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் கடைசி ஃபைல் கெட்டுப்போகும். ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கலாமே என்பார்கள். அழித்த இடத்தில் வேறு வீடியோ ஏறி உட்கார்ந்த பிறகு எந்த சாஃப்ட்வேரும் மீட்டுத் தராது.

இந்த மூன்று கேமரா கண்ணாடி மாடலை நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதால் என் காரிலேயே ஒன்றை மாட்டி இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். முன்னால் ஒன்று, உள்ளே ஒன்று, பின்னால் ஒன்று. காரோடு வந்த கம்பெனிக் கண்ணாடி மேல் வைத்து ரப்பர் பட்டையால் இறுக்கினால் பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிடுகிறது. பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் மூட்டை என்று போகும்போது, கண்ணாடியில் தலைகள்தான் தெரியும். திரையில் சாலை முழுசாகத் தெரிந்தது. மழையில் பின் கண்ணாடி மங்கிப்போனபோதும், பம்பர் மேலே வெளியில் வைத்திருந்த கேமரா தெளிவாகக் காட்டியது. இதில் எனக்குத் திருப்தி.

ஆனால் முதல் மூன்று நாள் தலை வலித்தது. எனக்கு 47 வயது, படிக்கக் கண்ணாடி போடுகிறவன். சாதாரணக் கண்ணாடியில் பார்க்கும்போது கண் தூரத்தைத்தான் பார்க்கிறது. பின்னால் வரும் லாரி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதற்கும் கொஞ்சம் கூடுதலான தூரத்துக்குத்தான் கண் குவியும். திரை அப்படி இல்லை, இரண்டடியில் இருக்கும் படம். சாலையிலிருந்து திரைக்கு, திரையிலிருந்து சாலைக்குக் கண் ஒவ்வொரு தடவையும் மாறவேண்டும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்த ஒரு நொடி மங்கலாகத்தான் தெரியும். அதோடு அகலமான லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளிக் காட்டும். மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏறும்போது, பின்னால் பஸ் நன்றாகத் தள்ளி வருவதாகத் திரையில் தெரிந்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நின்றது. அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்க நினைக்கிறவர்கள், ஒரு நாள் அவர்களை ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். திரையை அணைத்துவிட்டுக் கண்ணாடியாகப் பயன்படுத்தலாம்தான், ஆனால் இரவில் கம்பெனிக் கண்ணாடியைவிட இருட்டாக இருக்கிறது.

இரவில் நம்பர் பிளேட் படிக்கும் என்று நம்பவேண்டாம். இப்போதைய பிளேட்டுகள் ஒளியைத் திருப்பி அடிப்பவை. நம் ஹெட்லைட் பட்டதும் வீடியோவில் வெறும் வெள்ளைச் சதுரமாகத்தான் தெரியும். முன்னால் போகிறவர் நிற்காமல் போனால் நம்பரை வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள், மைக் பதிவு செய்துகொள்ளும். செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் அதுதான். 60 வைத்திருந்தால் தெருவிளக்கும் சில எல்இடி சிக்னலும் வீடியோவில் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பச்சையா சிவப்பா என்று சண்டை வரும்போது அது உதவாது.

மாட்டுகிற ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. ஏ-பில்லரில் (முன் கண்ணாடியின் ஓரத் தூண்) ஏர்பேக் இருக்கும் வண்டியில் ஒயரை அதன் மேலே குறுக்காக இழுக்காதீர்கள், பின்பக்கமாகக் கொண்டுபோங்கள். ஏர்பேக், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஃபியூஸில் கை வைக்கவே கூடாது. டிக்கிக் கதவுக்கு ஒயர் எடுக்கும்போது ரப்பர் குழாய்க்குள் விடச் சோம்பல்பட்டு வெளியே விட்டால், ஆறு மாதத்தில் கதவு அதை நறுக்கிவிடும். பின் கேமரா வேலை செய்யவில்லை என்று வருகிற வண்டிகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். பார்க்கிங் மோட் (வண்டி நிற்கும்போதும் பதிவு) கேட்டால், கார் பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் மூன்று ஒயர் கிட்டைப் போட்டு, பாட்டரி இறங்கினால் கேமராவை நிறுத்தும் வோல்டேஜ் கட்-ஆஃபை 12.2-க்குக் குறையாமல் வையுங்கள். பாட்டரி நிறைந்து ஓய்வில் இருக்கும்போது 12.6 காட்டும், 12.2-க்கு வந்தால் பாதி காலி. 11.8 வைத்துவிட்டு, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேமராவைத் திட்டக்கூடாது.

வாங்கும்போது உள்ளே லித்தியம் பாட்டரியா, அதற்குப் பதிலாக வெயிலைத் தாங்கும் சூப்பர் கெப்பாசிட்டரா என்று கேளுங்கள். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரில் லித்தியம் உப்பி, கண்ணாடியின் பின்மூடி பிளந்துகொண்டு வந்ததை நான் கழற்றியிருக்கிறேன். அது செத்தால் தேதியும் போய்விடும். வீடியோவில் 2019 ஜனவரி 1 என்று தெரிந்தால் உங்கள் பேச்சை யார் நம்புவார்கள்? கார்டை, ஓயாமல் எழுதுவதைத் தாங்கும் ஹை எண்டியூரன்ஸ் என்று போட்டதாகவே வாங்குங்கள். மூன்று கேமராவுக்கு 128 ஜிபிக்குக் குறையவேண்டாம். போன் கார்டைப் போட்டால் ஓயாமல் எழுதி எழுதி சத்தம் இல்லாமல் செத்துப்போகும். திரையில் படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அப்புறம், வீடியோ கிடைத்துவிட்டால் வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டுக் கார்டை மறுபடி வண்டியில் போடாதீர்கள். வாட்ஸ்அப் சுருக்கிய வீடியோவில் தேதி எழுத்தே மங்கிவிடும். கோர்ட்டுக்குப் போனால் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள், பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி மாதிரி. அதற்கு மூல ஃபைல் கையில் இருக்கவேண்டும். அந்தக் கார்டைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு வேறு கார்டு போடுங்கள்.

உக்கடத்துக்காரருக்கு, சிக்னல் பக்கத்தில் ஏதாவது கடை கேமராவில் பதிவாகியிருக்கிறதா என்று அன்றைக்கே போய்க் கேட்கச் சொல்லி அனுப்பினேன். அந்தக் கேமராக்களும் இதே மாதிரி அழித்து எழுதுபவைதான். தயவுசெய்து இன்றைக்கு வண்டியை நிறுத்தியதும் ஃபைல் பட்டியலைத் திறந்து, கடைசியில் உள்ள பழைய ஃபைலின் தேதியை ஒரு தடவை பாருங்கள்.