முட்டி உள்ளே சாய்கிறதா, பாருங்கள்

வியாசர்பாடிப் பக்கம் ஒரு மைதானத்தில் சாயங்காலம் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற எல்லாருக்கும் அட்டாக் அடிக்க ஆசை. நானோ முதல் மாதம் பந்தையே கொடுப்பதில்லை. குதி, இறங்கு, மறுபடியும் குதி. "இது வாலிபாலா, பாண்டியாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

காரணம் என் இடது முட்டி. பதினேழு வயதில், எதிர் அணி அடித்த பந்தை நெட்டுக்கு மேலே தடுக்கும் பிளாக்குக்கு எகிறி ஒற்றைக் காலில் இறங்கினேன். யாரும் மோதவில்லை. உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம், ராத்திரிக்குள் முட்டி வீங்கிவிட்டது. சுளுக்கு என்று சொல்லி இரண்டு மாதம் எண்ணெய் போட்டு உருவினோம். அப்புறம் எடுத்த ஸ்கேனில்தான், முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்தது தெரிந்தது.

குதித்து இறங்கும் ஆட்டங்களில் இந்த ஜவ்வு ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் கிழிகிறது. வயதுக்கு வரும் சமயத்தில் உயரமும் எடையும் மளமளவென்று கூடும். தொடை, இடுப்புத் தசைகளின் பலம் அதே வேகத்தில் கூடாது. இறங்கும்போது முட்டி இரண்டும் உள்பக்கம் சாயும். கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எதிரே நின்று ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். இரண்டு காலும் சேர்ந்து, முட்டி மடிந்து, பாதத்துக்கு நேராக, சத்தமில்லாமல் இறங்க வேண்டும். சிமெண்ட் தரையில் 'தொம்' என்று கேட்டாலே தப்பு. வாரத்தில் மூன்று நாள், வார்ம்-அப்போடு பதினைந்து நிமிடம் இதைச் செய்ய வைத்தால் காயம் குறைகிறது.

இன்னொன்று, நெட். பெண்களுக்கான உயரமே 2.24 மீட்டர், அதுவும் பெரியவர்களுக்கு. பையன்கள் ஆடிவிட்டுப் போன 2.43 மீட்டர் நெட்டை இறக்கக்கூடச் சோம்பல்பட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை எகிறவிடுகிறோம். எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

'டொப்' சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், நடக்கும்போது முட்டி நழுவுவது போன்ற உணர்வு, இவற்றில் எது இருந்தாலும் உருவாதீர்கள். ஐஸ் வையுங்கள், எலும்பு டாக்டரிடம் போங்கள். நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

போன மாதம் ஒரு பிள்ளை வீங்கின முட்டியைப் பேண்டுக்குள் மறைத்துக்கொண்டு ஆடினாள். "வீட்ல தெரிஞ்சா ஆட்டத்த நிறுத்திடுவாங்கக்கா." நானே அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா மீன் கழுவிக்கொண்டே எல்லாம் கேட்டுவிட்டு, "எப்போ திரும்பி ஆடலாம், அத சொல்லுமா" என்றார். ஜவ்வு கிழியவில்லை, ஆறு வாரம் ஓய்வு. இப்போது தினமும் வந்து ஓரமாக உட்கார்ந்து, யார் சத்தமாக இறங்குகிறார்கள் என்று எண்ணிச் சொல்கிறாள்.