எதிர்ப்பொருள், குறையாற்றல்: சொல் விளக்கம்

எதிர்ப்பொருள் காலவெளியை (காலமும் இடமும் இணைந்த பரப்பை) பொருளுக்கு மாறாக வளைக்குமா என்னும் கேள்வி, 'ஆன்டிமேட்டர்', 'நெகட்டிவ் எனர்ஜி' என்னும் இரு வேறு கருத்துகளைக் குழப்புவதால் எழுவது. இவற்றுள் 'ஆன்டிமேட்டர்' என்பதைத் தமிழில் எதிர்ப்பொருள் என்றும் எதிர்ப்பருப்பொருள் என்றும் எழுதுகிறோம். 'எதிரான' என்று பொருள்படும் 'ஆன்டி' கிரேக்க முன்னொட்டு. 1898-இல் 'நேச்சர்' இதழில் வெளியான மடல்களில் இச்சொல்லைக் கையாண்ட இயற்பியலாளர் ஆர்தர் சூஸ்டர், இயல்பான பொருளை ஈர்க்காமல் விலக்கித்தள்ளும் ஒரு பொருளைக் கற்பனை செய்தார். இன்று அச்சொல் குறிப்பது அதுவன்று; எதிர்த்துகள்களால் ஆன பொருளையே குறிக்கிறது. இயற்பியலாளர் பால் டிராக் 1928-இல் அமைத்த சமன்பாட்டிலிருந்து பிறந்து, 1932-இல் கார்ல் ஆண்டர்சன் அண்டக்கதிர்களில் கண்ட பாசிட்ரானால், அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகளால், உறுதிப்பட்ட கருத்து அது. பாசிட்ரானின் நிறை எலக்ட்ரானின் நிறையே. மின்னூட்டத்தின் குறிதான் மாறியுள்ளது.

ஐன்ஸ்டைனின் 1915-ஆம் ஆண்டுச் சமன்பாடுகளின்படி காலவெளியை வளைப்பவை ஆற்றலும் உந்தமும் அழுத்தமும் ஆகும். எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஓய்வுநிலையில் சந்தித்து அழியும்போது, பெரும்பாலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கொண்ட இரு காமாக் கதிர்த்துகள்கள் வெளிப்படுகின்றன. பாசிட்ரானின் ஆற்றல் சுழிக்குக் கீழானதாக இருந்திருந்தால் கூட்டுத்தொகை சுழியாகி, எதுவும் வெளிவந்திராது. ஆகவே எதிர்ப்பொருளும் பொருளைப் போலவே காலவெளியை வளைக்கும் என்பதே கோட்பாட்டின் முடிவு. எதிர் ஹைட்ரஜன் அணுக்கள் புவியை நோக்கியே விழுகின்றன என்று செர்ன் ஆய்வகத்தின் ஆல்ஃபா குழு 2023-இல் காட்டியது, சூஸ்டர் கருதிய விலக்கலுக்கு இடமில்லை என்பதைத் தெளிவாக்கியது.

காலவெளியில் விலக்கும் வளைவுக்கு வேண்டியது 'நெகட்டிவ் எனர்ஜி', அதாவது சுழிக்குக் கீழான ஆற்றல், எனப்படும் வேறொன்று. மின்னூட்டமற்ற இரு கடத்தித் தகடுகளை மிக நெருங்க வைத்தால், இடைவெளியின் ஆற்றல் அடர்த்தி, சுழியாகக் கொள்ளப்படும் வெற்றிடத்தினதைவிடவும் குறைகிறது என்பது காசிமிர் 1948-இல் முன்வைத்த விளைவிலிருந்து கிடைக்கும் முடிவு. இத்தகைய ஆற்றல், ஒளிக்கதிர்களைக் குவிக்காமல் விரிக்கும் வகையில் காலவெளியை வளைக்கும். காலவெளியின் இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழியாகக் கருதப்படும் புழுத்துளை கடந்து செல்லத்தக்கதாக இருக்க அது தேவை என்று இயற்பியலாளர்கள் மோரிசும் தோர்னும் 1988-இல் நிறுவினர். ஆனால் தகடுகளிடையே கிடைப்பதோ மிக மிகச் சிறிய அளவு.

தமிழில் 'எதிர்' என்னும் அடை 'ஆன்டி', 'நெகட்டிவ்' இரண்டுக்கும் வழங்குவதால், 'எதிர்ம ஆற்றல்' என்று எழுதினால் அது எதிர்ப்பொருளின் ஆற்றல் என்று தோன்றிவிடுகிறது. எலக்ட்ரானை எதிர்மின்னி என்போர் பாசிட்ரானை 'எதிர் எதிர்மின்னி' என்று சொல்ல நேரும் சங்கடமும் இதனால் வந்ததே. கணிதப் பாடநூல்கள் சுழிக்குக் கீழுள்ள எண்களைக் குறை எண்கள் என்கின்றன. அவ்வழியே 'குறையாற்றல்' என்பதே பொருத்தமான சொல். குறைந்த அளவு ஆற்றல் என மயங்காதிருக்க, முதன்முறை எழுதும்போது 'சுழிக்குக் கீழான' என்னும் விளக்கத்தைச் சேர்ப்பது நல்லது. 'எதிர்' என்பதை எதிர்த்துகளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் விட்டுவிடலாம்.