நிரம்பவே நிரம்பாத செப்டிக் டேங்க்: குழியைத் திருத்த என்ன வழி?

"இருபது வருஷமாச்சு, எங்க டேங்க் ஒரு தடவைகூட நிரம்பல" என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அது கவலைப்பட வேண்டிய விஷயம். அடியில் பூச்சு இல்லாமல் ஆழமாக உறை இறக்கிய குழி என்றால், கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஏறிக் குழியின் அடியைத் தொட்டுவிட்டால், பக்கத்துக் கிணறும் போரும் கெட்டுவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் கழிவிலிருந்து நீரில் கரையும் நைட்ரேட் என்ற உப்பு போகாது. குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைக்குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து.

தூய்மை பாரத இயக்கத்தின் (ஊரகம்) முதல் கட்டம் 2014இல் கழிப்பறை கட்டுவதோடு தொடங்கியது. 2020இல் வந்த இரண்டாம் கட்டம், கழிவு கடைசியில் எங்கே போகிறது என்பதையும் கணக்கில் எடுத்தது. ஒற்றைக் குழியை இரட்டைக் குழியாக மாற்ற 2022 அக்டோபர் 2இல் தனி இயக்கமே ஆரம்பித்தார்கள்.

இரட்டைக் குழி எளிமையானது. சுமார் ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குச் சற்று கூடுதல் ஆழம், சுவரில் இடைவெளி விட்ட செங்கல் கட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு பிரிப்புத் தொட்டி. ஒரு குழி நிரம்பியதும் அதன் வழியை அடைத்து அடுத்ததைத் திறந்துவிட வேண்டும். மூடிய குழியை இரண்டு வருடம் தொடாமல் விட்டால், உள்ளே இருப்பது நாற்றமில்லாத உரமாகிவிடும். ஏற்கெனவே ஒரு குழி இருந்தால் பக்கத்தில் இன்னொன்றும் பிரிப்புத் தொட்டியும் போதும். ஆனால் பழைய குழி மிக ஆழமாக இருந்தால் அதை அப்படியே சேர்க்காதீர்கள். ஆழம் கூடினால் நல்லது என்று கொத்தனார் சொன்னாலும் கேட்க வேண்டாம்; ஆழம் கூடக்கூட அடி நிலத்தடி நீரை நெருங்கும். கிணறு, போரிலிருந்து குறைந்தது 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். குளியல், சமையல் தண்ணீரை இதில் விடக் கூடாது.

செப்டிக் டேங்க் உள்ளவர்கள் அதன் வெளிக்குழாயைப் போய்ப் பாருங்கள். தெருச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ முடிந்தால் அது பாதி வேலைதான். வெளிவரும் நீரை மண்ணுக்குள் மெல்ல இறங்கவிடும் ஓர் உறிஞ்சுகுழி கட்டி அதில் இணைக்க வேண்டும்.

சரி, பணம்? இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில், கழிப்பறையே இல்லாத தகுதியுள்ள வீட்டுக்கு ஊக்கத்தொகை 12,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள், வீட்டுமனை உள்ள நிலமற்ற கூலித் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், பெண்ணைத் தலைவராகக் கொண்ட குடும்பங்கள் இதில் வருவார்கள். பழைய குழியைத் திருத்துவதற்கு இந்தத் தொகை கிடைக்காது. ஆனால் 15ஆவது நிதி ஆணையம் ஊராட்சிக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 30 சதவீதம் சுகாதாரப் பணிக்கென்றே ஒதுக்கப்பட்டது. நம் ஊரில் அது எதற்குச் செலவானது என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை லாரி வைத்து எடுங்கள், எங்கே கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஊராட்சிச் செயலரிடமோ ஒன்றிய அலுவலகத்திலோ மனு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. தெருவில் எத்தனை குழாய் வாய்க்காலில் முடிகிறது என்று எண்ணி, அந்தக் கணக்கோடு போங்கள்.